மாமாவின் குறிப்பேடு: அம்பாசிடர் டீசல் எஞ்சினைப் பேணும் முறை



பாலக்காட்டுக் கணவாயின் இப்பாலும், குமுளி, பீருமேடு, தேவிகுளம் மலைகளின் மீதும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் இன்றும் பழைய டீசல் கார் ஒன்று கொட்டகையில் நிற்கக் காணலாம். தந்தையார் அதை ஓட்டியிருப்பார்; அல்லது தாய்மாமன் வாடகைக்கு ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருப்பார். விற்கவும் மனம் வராது. வைத்துக் காக்கவும் வகை தெரியாது. அத்தகைய வண்டிகளுள் தலையாயதான அம்பாசிடர் டீசல் காரின் எஞ்சினைப் பற்றி இத்திங்கள் எழுதத் துணிந்தேன்.

நான் இயந்திரக் கல்வி கற்றவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். ஆயினும், என் அறியாமையால் என் அத்தைக்கு நேர்ந்த பொருள் நட்டம், இவ்வெஞ்சினைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்துகொள்ளும்படி என்னை விரட்டிற்று. அந்நட்டம் இன்னொரு வீட்டுக்கு நேராதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போடி மெட்டில் நடந்தது

என் தாய்மாமன் கம்பத்திலிருந்து குமுளிக்குக் குடியேறியவர். 1988-ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசிடர் டீசல் காரை இருபது ஆண்டுகளுக்கு மேல் வாடகைக்கு ஓட்டினார். பின்னர் அதைச் சொந்த வண்டியாகப் பதிவு மாற்றி வைத்துக்கொண்டார். அவர் காலமான பின் அவருடைய மகன் அதை ஓட்டத் தொடங்கினான். அத்தையைத் திங்கள்தோறும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வர அவ்வண்டியே துணை.

சென்ற ஆண்டு சித்திரையில் பூப்பாறையில் உறவினர் ஒருவருக்குத் திருமணம். போடிநாயக்கனூர் வழியாக மலையேறினோம். வண்டியில் அறுவர், கூரையின் மீது சீர்வரிசைப் பாத்திரங்கள். போடி ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்திலும், போடி மெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடைப்பட்ட ஏற்றம் முழுவதும் கொண்டையூசி வளைவுகள். பாதி வளைவுகளைக் கடந்ததும் முன்மூடியின் இடுக்குகளிலிருந்து நீராவி பொங்கிற்று. வெப்பங்காட்டும் முள் பல நாளாகவே அசைவதில்லை என்பதை மாமன் மகன் அப்போதுதான் சொன்னான்.

"என்ன செய்யலாம் மச்சான்?" என்று என்னைக் கேட்டான். வயதில் மூத்தவன், எழுத்தறிந்தவன் என்ற மதிப்பினால் கேட்டான். நானும் எல்லாம் தெரிந்தவனைப்போல, "தண்ணீர் வற்றிவிட்டது, ஊற்றினால் சரியாகிவிடும்" என்றேன். ரேடியேட்டர் மூடியைத் திருகியபோது சீறிய ஆவியில் அவன் முன்கை வெந்தது. பாறையிடுக்கில் வழிந்த ஊற்றுநீரைக் குடத்தில் பிடித்து, கொதித்துக்கொண்டிருந்த எஞ்சினில் ஊற்றினோம். வண்டி புறப்பட்டது, மூன்று வளைவுகள் ஏறிற்று, பிறகு வெண்புகையைக் கக்கி நின்றுவிட்டது.

வேறொரு வண்டியில் கட்டி இழுத்துப் போடிக்குக் கொண்டுவந்தோம். பட்டறையில் இருந்த முதியவர் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய், பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தது.

"சூட்டோட பச்சைத் தண்ணி ஊத்துனீங்களா தம்பி?" என்றார்.

ஆம் என்றேன்.

"அடுப்புல காயிற இரும்புச் சட்டியில பச்சைத் தண்ணி ஊத்துனா என்ன ஆகும்னு வீட்டுல பொம்பளைகளைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பாங்களே!"

அத்தை அருகிலேதான் நின்றிருந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. வார்ப்பிரும்பாலான சிலிண்டர் ஹெட் வெடித்திருந்தது. புதியது கிடைப்பதில்லை, கோயம்புத்தூரில் பிரித்து விற்கப்பட்ட வேறொரு வண்டியின் ஹெட்டைத் தேடி வாங்கிச் சோதித்துப் பூட்ட வேண்டியதாயிற்று. அத்தையின் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின.

குறிப்பேடு சொன்ன செய்தி

வண்டி பட்டறையில் இருந்த நாள்களில், அத்தை ஒரு பழைய பெட்டியிலிருந்து நீண்ட குறிப்பேடு ஒன்றை எடுத்து என்னிடம் தந்தார். மாமா கையால் கோடு போட்டு எழுதியது. நாள், ஓடிய கிலோமீட்டர், போட்ட டீசல், ஊற்றிய எண்ணெய், ஊற்றிய நீர் என ஐந்து கட்டங்கள். கணக்கு எழுதிப் பழகிய எனக்கு அதைப் படிப்பது கடினமாக இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் சமவெளியில் லிட்டருக்கு 13 கிலோமீட்டரும், மலையில் 10 கிலோமீட்டரும் வண்டி ஓடியிருந்தது. நீர்க் கட்டம் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகவே கிடந்தது. கடைசி ஆண்டில் மட்டும் முதலில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரை லிட்டர்; பிறகு வாரம் ஒருமுறை; இறுதிப் பக்கத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை.

ரேடியேட்டரிலும் குழாய்களிலும் ஒழுக்கு இல்லாமல் நீர் குறைந்துகொண்டே வந்தால், அது எஞ்சினுக்குள்ளேயே போகிறது என்று பொருள். ஹெட் காஸ்கெட் இடம் விட்டிருக்கும், அல்லது ஹெட்டில் மயிரிழை வெடிப்பு தொடங்கியிருக்கும். ஆகவே நோய் முன்பே இருந்தது. நாங்கள் ஊற்றிய குடத்து நீர் அதை முடித்து வைத்தது. அக்குறிப்பேட்டில் வரவேண்டிய கடன் பாக்கிகள் எழுதிய பக்கங்களை மட்டுமே நாங்கள் அதுவரை புரட்டியிருந்தோம்.

எஞ்சினின் வரலாறும் அளவுகளும்

உருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் தம் எஞ்சினை 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டினார். அதைச் சிறிதாக்கிக் காருக்குள் அடக்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1936-இல் மெர்சிடிஸ் பென்ஸ் 260டி கார் வெளிவந்தது. நம் நாட்டில், மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957–58 முதல் செய்துவந்த அம்பாசிடர் கார், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்தது. 1980-ஐ ஒட்டி அதில் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோயிற்று.

அந்த முதல் டீசல் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. அதன் அளவுகள் வருமாறு:

சிலிண்டர்கள்: 4, ஒரே வரிசையில்.
கொள்ளளவு: 1,489 கன சென்டிமீட்டர்.
சிலிண்டரின் விட்டம்: 73.025 மில்லிமீட்டர்.
பிஸ்டன் ஓடும் தூரம்: 88.9 மில்லிமீட்டர்.
திறன்: ஏறத்தாழ 37 குதிரைச் சக்தி.
எரியும் வரிசை: 1, 3, 4, 2.
வால்வுகள்: ஹெட்டின் மேல்; தள்ளு கம்பிகளால் இயங்குவன.

37 குதிரைச் சக்தி என்பது இன்றைய கணக்கில் மிகச் சிறிது. 2007-இல் மாருதி ஸ்விஃப்ட் காரில் வந்த டீசல் எஞ்சின் 1,248 கன சென்டிமீட்டரே. ஆயினும் 75 குதிரைச் சக்தி தந்தது. காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவும், மின்னணுவால் இயங்கும் உயரழுத்த எரிபொருள் குழாயும் அதற்குக் காரணம். அம்பாசிடரில் இவ்விரண்டும் இல்லை. அதனாலேயே அதை ஒரு சாதாரணப் பட்டறையில், கணினி இன்றி, ஸ்பேனர்களைக் கொண்டே பிரித்துப் பூட்ட இயலுகிறது.

இடுக்கி மலைகளில் தோட்டத்து ஆட்களை ஏற்றிச் செல்லும் பழைய மகிந்திரா ஜீப்புகள் பலவற்றில் பிரெஞ்சு நாட்டுப் பியூஜோ வகையான 'எக்ஸ்.டி.பி. 4.90' என்னும் 2,112 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் இருக்கும். 4 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை; 90 என்பது மில்லிமீட்டரில் அவற்றின் விட்டம். கீழே கூறும் பேணும் முறைகள் பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். டாடா இண்டிகாவின் 1,405 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின் வைத்திருப்போர் ஒன்றை மட்டும் தனியாகக் கருத வேண்டும். அம்பாசிடரில் வால்வுகளை இயக்குவது இரும்புச் சங்கிலி. இண்டிகாவில் இரப்பர்ப் பட்டை. பட்டையைக் குறித்த காலத்தில் மாற்றாவிடில் அறுந்து, பிஸ்டன்கள் வால்வுகளை மோதி எஞ்சினே பாழாகும்.

எரிவது எப்படி?

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை இருபது மடங்குக்கும் மேலாக அழுத்தினால் அது 500 பாகைக்கு மேல் சூடாகிறது; அச்சூட்டில் டீசலைப் பனித்துளி போலச் சிதறினால் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே இவ்வெஞ்சின் மூன்றை மட்டுமே கேட்கிறது: தூய காற்று, தூய டீசல், காற்றைக் கசியவிடாத அழுத்தம்.

அம்பாசிடரில் டீசல் நேரே பிஸ்டனின் மேல் பாய்வதில்லை. ஹெட்டில் குடைந்த சிறு அறையில் பாய்ந்து, அங்கே பற்றிப் பின்னர் சிலிண்டருக்குள் பரவுகிறது. இதனால் ஓட்டம் மென்மையாகும். ஆனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அச்சிற்றறையின் சுவர் சூட்டை உறிஞ்சிவிடும். அதற்காகவே சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு ஹீட்டர் பிளக்குகள் உள்ளன. சாவியைத் திருப்பிப் பதினைந்து, இருபது வினாடி பொறுத்த பின்னரே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பொறுமையின்றி ஸ்டார்ட்டரை உறுமவிடுவோர் பாட்டரியையே தின்கிறார்கள். பாலக்காட்டு வெயிலில் ஹீட்டர் பிளக் பழுதானது தெரியவே தெரியாது. மூணாற்றில் தை மாதத்து விடியலில்தான் தெரியும். பிளக்குகளைத் தொடராக இணைத்துள்ள வண்டியில் ஒன்று அறுந்தால் நான்கும் செயலற்றுப் போகும் என்பதையும் நினைவில் கொள்க.

மலையும் எஞ்சினும்

மூணாற்றில் சிற்றிரயில் ஓடிய காலம் ஒன்று உண்டு. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதன் பாதையை அடித்துச் சென்றது. இன்றும் இடுக்கி மாவட்டத்தில் இரயில் இல்லை. ஆகவே நம்மவர் மலையேற வண்டியையே நம்ப வேண்டும். மலை எஞ்சினை என்ன செய்கிறது என்பதையும் அறிய வேண்டும்.

1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடலோரத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவு காற்று குறைகிறது. பம்ப்போ முன்போலவே டீசலை அனுப்புகிறது. எரியாத டீசல் கரும்புகையாகிறது. அந்நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை மேலும் மிதிப்பதால் திறன் கூடாது; புகையும் சூடுமே கூடும். காலைச் சற்று எடுத்து, கியரைக் குறைத்து, எஞ்சினைத் தளர்வாகச் சுழல விடுவதே முறை.

நீரின் கதையும் இதுவே. 1,500 மீட்டர் உயரத்தில் நீர் 100 பாகையில் அன்று, 95 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியில் உள்ள சுருள்வில்லும் இரப்பர் வளையமும் உள்ளே அழுத்தத்தைக் காத்து, கொதிநிலையை உயர்த்துகின்றன. மூடி தேய்ந்திருந்தால் சமவெளியில் குறை தெரியாது, மலையில் தெரியும். எங்கள் வண்டியின் மூடியில் அந்த இரப்பர் வளையமே இல்லை. சிறு தொகைக்குக் கிடைக்கும் அம்மூடியைப் புதிதாக மாற்றியிருந்தால் போடி மெட்டை அன்று கடந்திருப்போமோ என்று இன்றும் எண்ணுகிறேன்.

நீர் கொதித்துவிட்டால் செய்ய வேண்டியது இது. வண்டியை ஓரங்கட்டிச் சக்கரங்களுக்குக் கல் வைக்கவும். பயணிகளைப் பாதையை விட்டு விலகி நிற்கச் சொல்லவும். எஞ்சினை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, குறைந்தது அரைமணி நேரம் ஆற விடவும். ரேடியேட்டரைக் கையால் தொட முடியும் அளவுக்கு ஆறிய பின்னரே, தடித்த துணியால் மூடியைப் பற்றி, சிறிது சிறிதாகத் திருகவும். எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, கூடுமானால் வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சங் கொஞ்சமாக ஊற்றவும். ஒரு மணி நேரத் தாமதத்தால் முகூர்த்தம் தவறலாம். ஹெட் தப்பும், கையும் தப்பும்.

புகையைப் படித்தல்

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல ஓட்டுபவர் புகையைப் பார்க்க வேண்டும்.

கரும்புகை: காற்றுப் போதவில்லை, அல்லது டீசல் மிகுதி. முதலில் காற்று வடிகட்டியைத் துப்புரவு செய்க. அதன் பின்னும் நீங்காவிடில் நாசில்களையும் டீசல் பம்ப்பையும் சோதிக்க வேண்டும்.

நீலப்புகை: எஞ்சின் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் ரிங், சிலிண்டர் அல்லது வால்வு வழி தேய்ந்திருக்கும்.

வெண்புகை: காலையில் சிறிது நேரம் வந்து மறைந்தால் குற்றமில்லை. எஞ்சின் சூடேறிய பின்னும் நீடித்து, நீரும் குறைந்து வந்தால் அது ஹெட்டின் கோளாறு. எங்களுக்கு நேர்ந்தது இதுவே.

பேணும் முறை

நாள்தோறும் புறப்படும் முன், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் எண்ணெயையும் நீரையும் பார்க்கவும். டீசல் எஞ்சினின் எண்ணெய் மாற்றிய சில நாள்களிலேயே கறுத்துவிடும். கரித்தூளைத் தாங்கிக்கொள்வது அதன் வேலை. ஆகவே கறுப்பைக் கண்டு அஞ்ச வேண்டாம்; பால் நிறத்தைக் கண்டு அஞ்சவும். எண்ணெயின் அளவு தானே ஏறியிருந்தாலும் அஞ்சவும். நீரோ டீசலோ அதில் கலக்கிறது என்று பொருள்.

எண்ணெயை மேற்கோட்டுக்கு மேல் ஊற்றலாகாது. தேய்ந்த டீசல் எஞ்சினில் மிகுதியான எண்ணெய் காற்று வழியே உறிஞ்சப்பட்டால், எஞ்சின் அதையே எரிபொருளாகக் கொண்டு தறிகெட்டு ஓடத் தொடங்கும். சாவியை நிறுத்தினாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் பிரேக்கை முழுதும் மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறச் செய்து நிறுத்த வேண்டும். சுழலும் எஞ்சினுக்குள் கையை நீட்டலாகாது.

எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் நாங்கள் இப்போது 4,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறோம். டீசல் எஞ்சினுக்குரிய தரக்குறி உள்ள எண்ணெயையே வாங்கவும். விலை மலிந்தது என்று வேறொன்றை ஊற்ற வேண்டாம்.

டீசல் வடிகட்டி இவ்வெஞ்சினின் காவலாளி. டிஸ்ட்ரிப்யூட்டர் வகை டீசல் பம்ப்புக்குத் தனி எண்ணெய் கிடையாது. உள்ளே ஓடும் டீசலே அதன் மசகு. மயிரிழைக்கும் குறைந்த இடைவெளியில் இயங்கும் அதன் பாகங்களை, நீரும் மண்ணெண்ணெயும் அரித்துவிடும். ஆகவே வடிகட்டியின் அடியில் தங்கும் நீரைத் திங்கள்தோறும் வடித்துவிடுக. மழைக்காலத்தில் வாரந்தோறும் வடிக்க. பயணம் முடிந்த மாலையிலேயே டாங்கியை நிரப்பி வைத்தால், இரவில் உள்ளே காற்றின் ஈரம் நீராக இறங்குவது குறையும். சாலையோரத்தில் கேனில் மலிவாக விற்கும் டீசலைத் தொட வேண்டாம். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் நூறு ரூபாய் மிச்சம் பிடித்துப் பல்லாயிரம் ரூபாய்ப் பம்ப்பை இழப்போம்.

வடிகட்டியை மாற்றிய பின்போ, டீசல் தீர்ந்து நின்ற பின்போ, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியாக வேண்டும். இதையே பட்டறையில் 'ஏர் எடுப்பது' என்பர். வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்ப்பை இயக்கி, நுரையின்றி டீசல் வரும்வரை விட்டு, பின் இறுக்க வேண்டும். அடுத்துப் பம்ப்பிலும் அவ்வாறே செய்க. இதை வீட்டிலுள்ள இளைஞர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் கற்றுக்கொள்ளலாம்.

நாசில்களை மட்டும் வீட்டில் சோதிக்க முற்பட வேண்டாம். அவற்றிலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து இரத்தத்தில் கலக்கும் வேகமுடையது. அப்படிக் குத்தினால் காயம் ஊசி முனையளவே தோன்றும். ஆயினும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

டாப்பெட் இடைவெளியையும் ஃபேன் பெல்ட்டின் இறுக்கத்தையும் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் பார்க்கச் சொல்க. வெப்பங்காட்டும் முள் அசையாவிடில் அன்றே சரிசெய்க. அது அலங்காரப் பொருள் அன்று.

இறக்கத்தைப் பற்றி ஒரு சொல். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் இறங்குவோர் நம்மில் உண்டு. பிரேக் சூடேறிப் பிடிப்பற்றுப் போனால் மிச்சப்படுத்த உயிரே இராது. எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப்பாதையின் பழைய விதி.

வைத்திருப்பதா, விற்பதா?

ஹெட் வெடித்த அன்று, வண்டியை இரும்பு விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். மாமன் மகன் விற்றுவிடலாம் என்றான். அத்தை, "உங்க மாமா ஓட்டின வண்டிப்பா" என்று மட்டும் சொன்னார். பாசத்தால் மட்டும் முடிவு செய்யக்கூடாது என்று நான் குறிப்பேட்டின் வெறும் பக்கம் ஒன்றில் கணக்குப் போட்டேன். ஒரு பக்கம்: ஹெட் மாற்றும் செலவு, ஆண்டுக் காப்பீடு, டயர், எண்ணெய், டீசல். மறுபக்கம்: மருத்துவமனைக்குத் திங்கள்தோறும் வாடகைக் கார் வைத்தால் ஆகும் செலவு. அரசுக் கட்டணத்தையும் சேர்த்தேன். 15 ஆண்டு கடந்த சொந்தக் காருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றிற்கு 2025-இல் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. புகைச் சோதனையிலும் தேற வேண்டும். பாரத் ஸ்டேஜ் 4-க்கு முற்பட்ட டீசல் வண்டிக்குப் புகையடர்த்தி 2.45 என்னும் அளவைத் தாண்டலாகாது. 2014 அக்டோபரில் டீசல் விலைக்கட்டுப்பாடு நீங்கியபின் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையே முன்போலப் பெரிய விலை வேறுபாடும் இல்லை.

இவ்வளவையும் கூட்டியபோது, சிலிண்டரும் பிஸ்டனும் நன்றாக இருந்தால் வைத்திருப்பது ஆதாயம், அவையும் தேய்ந்திருந்தால் விற்பதே அறிவுடைமை என்று தெரிந்தது. நான்கு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளக்கச் சொன்னோம். நான்கும் ஏறத்தாழ ஒரே அளவு காட்டின. மாமா இருபது ஆண்டு தவறாமல் எண்ணெய் மாற்றியதன் பயன் அது. வண்டி தப்பிற்று.

ஆகவே நேயர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஹெட்டையும் பம்ப்பையும் மாற்றப் பணத்தை இறைப்பதற்கு முன், எஞ்சின் அழுத்தத்தை அளந்து பாருங்கள். அழுத்தம் போனபின் மேலே செய்யும் செலவெல்லாம் விழலுக்கு இறைத்த நீரே. அத்தகைய வண்டியைத் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். தந்தையின் நினைவை வேறு வகையில் போற்றலாம்.

இரயில் எஞ்சின்களுக்கும் பதிவேடு உண்டு. இன்ன நாளில் இன்ன குறை கண்டது, இன்னவாறு திருத்தப்பட்டது என்று எழுதாமல் எஞ்சின் கொட்டகையை விட்டுப் புறப்படாது. மூன்றாம் வகுப்பு வரையே படித்த என் மாமா அதே ஒழுங்கைத் தாமே கண்டு கடைப்பிடித்தார். பத்தாம் வகுப்புத் தேறிய நான் அதைப் படிக்கவில்லை. இருபது ரூபாய்க் குறிப்பேடு ஒன்றை இன்றே வாங்கி, ஐந்து கட்டம் போட்டு, வண்டியின் கையுறைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். எழுதுவதோடு நில்லாமல், திங்களுக்கு ஒருமுறை முந்தைய பக்கங்களையும் புரட்டுங்கள்.

வண்டி இப்போது நலமாக ஓடுகிறது. கடந்த திங்கள் அத்தையைத் தேனிக்கு அழைத்துச் சென்றபோது நானும் உடன் சென்றேன். திரும்புகையில் மாமன் மகன் குமுளி மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, நீரைப் பார்த்து, குறிப்பேட்டில் தன் கையால் எழுதினான். நீர்க் கட்டத்தில் சுழியம். அடகிலிருந்த வளையல்களுள் ஒன்று வீடு திரும்பிவிட்டது. மற்றொன்றுக்கான தவணையை என் சம்பளத்திலிருந்து நானே கட்டி வருகிறேன். இன்னும் நான்கு திங்கள் பாக்கி.